பயனாளி ஏழின் இடது கால்

தங்கவேலுவின் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிடுவது என்று ஆடி மாதம் முடிவாயிற்று. முடிவு செய்தவர் சித்தூரில் ஒரு டாக்டர். அவர் புண்ணைப் பார்த்தது இரண்டு நிமிடம். அதில் ஒரு நிமிடம் போனில் இருந்தார்.

தங்கவேலுவுக்கு வயது ஐம்பத்தாறு. நகரியைத் தாண்டி ஒன்றரை ஏக்கரில் கரும்பு போடுகிறவர். பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை வியாதி. கட்டைவிரலுக்குக் கீழே எட்டணா அகலத்தில் ஒரு புண் வந்து, ஒரு வருடமாக அவரோடு வயலுக்கும் வீட்டுக்கும் போய் வந்துகொண்டிருந்தது.

“எப்ப சார் எடுப்பீங்க?”

“உனக்கு முன்னாடி நூத்திப் பதினாலு கால் இருக்குது. ஐப்பசியில வா.”

வெளியே வந்தால் ஒருவர் டேப்போடு நின்றிருந்தார். தங்கவேலுவின் இடது காலை நீளம், சுற்றளவு எல்லாம் அளந்து ஒரு பட்டியலில் எழுதிக்கொண்டார். எதற்கு என்று கேட்டதற்கு, “மேல கேக்கறாங்க” என்றார். மேலே கேட்கிறார்கள் என்றால் அதற்குமேல் கேட்கக்கூடாது என்பது தங்கவேலுவுக்குத் தெரியும்.

ஐப்பசி வருவதற்குள் அரசாங்கம் குறுக்கே வந்தது.

திருப்பதியிலிருந்து ரேணிகுண்டா போகிற வழியில் தேசிய உயிரிப்பட்டு மருத்துவத் தொழில்நுட்ப மேம்பாட்டு மையம் என்று ஒன்று இருக்கிறது. போர்டைப் படித்து முடிப்பதற்குள் பஸ் அடுத்த ஸ்டாப்புக்குப் போய்விடும். வாசலில் நான்கு அடிக்கல்கள். ஒரே கட்டடத்துக்கு நான்கு பேர் அடிக்கல் நாட்டியிருக்கிறார்கள். அஸ்திவாரம் உறுதியாக இருக்கவேண்டும் என்கிற அக்கறைதான். உள்ளே தண்ணீர் வராத நீரூற்று, முந்நூறு பேர் உட்காரும் அரங்கம், ஜெராக்ஸ் எடுப்பதற்கென்றே ஒரு மாடி. எல்லாவற்றையும் கடந்து போனால் ஜெனரேட்டர் ஷெட்டுக்குப் பின்னால் பத்துக்குப் பன்னிரண்டில் ஓர் அறை. மையத்தில் ஆராய்ச்சி நடப்பது அந்த அறையில் மட்டும்தான். அது நடப்பது பலருக்குத் தெரியாது.

அறையில் நளினி இருந்தாள். தினமும் திருத்தணியிலிருந்து ரயிலேறி வருகிற பெண். பதவி, திட்ட உதவியாளர், மூன்றாம் நிலை, தற்காலிகம். குப்பம் பக்கம் குடுபல்லியிலிருந்து வரும் பட்டுக்கூடுகளைச் சோடா உப்புத் தண்ணீரில் வேகவைத்து, பசையை நீக்கி, மிச்சத்தைக் கரைத்து, தட்டில் ஊற்றிக் காயவைப்பாள். கண்ணாடிக் காகிதம் மாதிரி ஒரு மெல்லிய ஏடு வரும். ஆறாத புண்ணின்மேல் அதை ஒட்டினால் புண் ஆறியது.

உள்ளதைச் சொல்லிவிட வேண்டும். மையத்துக்கு வந்த நிதியில் பெரும்பகுதி கட்டடத்துக்கும் கருத்தரங்குக்கும் போக, ஏதோ கொஞ்சம் வழி தவறி நளினியின் அறைக்கு வந்துவிட்டது. நம் நாட்டில் மருத்துவம் முன்னேறுவது இப்படித்தான். இதற்காக யாரையும் குறை சொல்ல முடியாது. வேண்டுமென்று யாரும் செய்யவில்லை.

பரிசோதனைக்குப் பன்னிரண்டு நோயாளிகள் தேவை என்று பேப்பரில் வந்ததைப் பார்த்துத் தங்கவேலு போனார். நிர்வாக அதிகாரி சுதீர் முப்பத்துநாலு பக்கத்துக்கு ஒரு சம்மதப் படிவத்தை நீட்டினார்.

“ஏமண்டி தங்கவேலு காரு, படிச்சிட்டு சைன் பண்ணுங்க.”

“இங்கிலீஷ்ல கீதே சார்.”

“தமிழ் காப்பி தயாராகிட்டு இருக்கு. மூணு வருஷமா வேலை நடக்குது. அது வர்ற வரைக்கும் உங்க கால் தாங்குமா?”

தாங்காது என்று தெரிந்ததால் தங்கவேலு கையெழுத்துப் போட்டார். அந்த நிமிடத்திலிருந்து அவர் பயனாளி ஏழு ஆனார். பத்தொன்பதாம் பக்கத்தில், மருந்தை வேறு யாருக்கும் தரக்கூடாது என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அந்தப் பக்கத்தை அவருக்கு யாரும் படித்துக் காட்டவில்லை.

நளினி முதல் ஏட்டைத் தானே ஒட்டினாள். மாதத்துக்கு நாலு ஏடு, மூன்று மாதத்துக்குப் பன்னிரண்டு. ஐஸ் பெட்டியில் வைத்துக் கொடுப்பாள். வீட்டில் ஃபிரிட்ஜில் வைத்து வாரத்துக்கு ஒன்று ஒட்டவேண்டும்.

“கையக் கழுவிட்டு ஒட்டுங்கண்ணா. ஈரம் படக்கூடாது.”

“மேடம், எம்புண்ணு எட்டணா அகலந்தான் கீது. இது உள்ளங்கை அகலம் கீதே?”

நளினி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “தட்டு அந்த சைஸ்ல வாங்கிட்டாங்கண்ணா. டெண்டர்ல வந்தது. புண்ணுக்காகத் தட்ட மாத்த முடியாதாம்.”

தங்கவேலு பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினார். தவறு நடந்தது அவர் ஊரில் இறங்கிய பிறகு.

நகரிப் பக்கத்தில் ஒருவர் திருப்பதிக்குப் போய்விட்டுக் கையில் பெட்டியோடு வந்தால் அது அவர் சொத்து இல்லை. திருமலையில் ஒரே ஒரு லட்டு கிடைத்திருந்தாலும் அதைப் பிட்டு, தெருவில் எத்தனை வீடோ அத்தனை துண்டாக்கி, ஆளுக்குக் கடுகளவாவது கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்காரர் வாயில் போட்டுக்கொள்வார். தனியாகத் தின்றவனை அந்தத் தெருவில் பத்து வருடத்துக்குப் பேசுவார்கள். தங்கவேலுவின் மனைவி செங்கம்மா பெட்டியைத் திறந்து ஏட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அப்புறம் கணவனின் புண்ணைப் பார்த்தாள்.

“நல்லா கீற தோலுக்கு எதுக்கு மருந்து?” என்றாள். “புண்ணு மேல போட்டது போக முக்காவாசி சும்மா ஒட்டிக்கினு கெடக்கும். அண்ணி குதிகால் அப்பிடி பொளந்து கீது. திருப்பதியில குடுத்தத நாம மட்டும் வச்சிக்கினா நல்லாவா இருக்கும்?”

அண்ணி என்றது தங்கவேலுவின் அக்கா கோவிந்தம்மாளை. புருஷன் போன பிறகு தம்பி வீட்டோடு இருப்பவள். அவளுக்கும் சர்க்கரை. ஆடியில் அலிபிரிப் படி ஏறி வெறுங்காலில் மலைக்குப் போனவள், வலது குதிகாலில் வெடிப்போடு இறங்கி வந்தாள். தம்பிக்குக் கால் போகக்கூடாது என்று வேண்டிக்கொண்டு ஏறியது அது.

செங்கம்மா கத்தரிக்கோலை வெந்நீரில் போட்டு எடுத்து ஏட்டை நாலாக நறுக்கினாள். தங்கவேலுவுக்கு ஒன்று, கோவிந்தம்மாளுக்கு ஒன்று. மிச்சத்தில் ஒன்று தெருமுனைக் கடைக்காரர் கிருஷ்ணப்பாவுக்குப் போனது. பைக் சைலன்சர் சுட்ட புண், தவிரவும் தெருவில் ஃபிரிட்ஜ் அவர் கடையில்தான் இருந்தது. மற்றது பால்காரருக்கும் கரும்பு வெட்டுகிற இரண்டு பேருக்கும் வாரத்துக்கு ஒருவராய்ப் போனது. ஆக தங்கவேலுவைத் தவிர தெருவில் ஐந்து பேர். கோலி சோடாவுக்கும் தயிர் பாக்கெட்டுக்கும் நடுவில், அரசாங்கத்தின் ஐந்தாண்டு ஆராய்ச்சி குளிர்ந்துகொண்டிருந்தது.

இரண்டு மாதத்தில் தங்கவேலுவின் புண் மூடிவிட்டது. ஐப்பசி பிறந்தபோது அவர் செருப்புப் போட்டுக்கொண்டு மையத்துக்குள் நடந்து போனார். நளினி அளவுகோலை வைத்துவிட்டு, அளப்பதற்கு ஒன்றும் இல்லாமல் அவர் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண் கலங்கிவிட்டது. அந்த சந்தோஷத்தில் தங்கவேலு, “எனக்கு மட்டும் இல்ல மேடம், எங்க தெருவுல நாலு பேருக்கு ஆறிப்போச்சு. எங்கக்காவுக்குத்தான் இன்னம் கொஞ்சம் கீது” என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

நளினி முதலில் தலையில் கை வைத்தாள். அடுத்த நிமிடம் கையை எடுத்துவிட்டு, “நாலுல ஒரு பங்கா? அதுலயே ஆறிடுச்சா?” என்றாள். ஒருவருக்கு ஆகிற மருந்து நாலு பேருக்கு ஆகும். அதே பணம், அதே பட்டுக்கூடு. அவள் அங்கேயே உட்கார்ந்து இரண்டு பக்கம் எழுதி இயக்குநருக்கு அனுப்பினாள். புதிதாக ஒன்று கண்டுபிடித்தவுடன் மேலதிகாரியிடம் சொல்லவேண்டும் என்று நினைக்கிற வயது.

மூன்றாம் நாள் தங்கவேலுவுக்கு நோட்டீஸ் வந்தது. ‘தாங்கள் குணமடைந்ததற்கான காரணத்தை ஏழு நாட்களுக்குள் எழுத்து மூலம் தெரிவிக்கவும். தவறினால் ஒழுங்கு நடவடிக்கை எடுக்கப்படும்.’

விசாரணை அரங்கத்தில் நடந்தது. முந்நூறு நாற்காலியில் ஏழு பேர் உட்கார்ந்திருந்தார்கள். இயக்குநர் டாக்டர் கோகுலகிருஷ்ணன் நடுவில். அவர் கடைசியாக ஒரு நோயாளியைப் பார்த்தது பதினெட்டு வருடத்துக்கு முன்னால் என்பதால், தங்கவேலுவை ஆர்வமாகப் பார்த்தார்.

“இது ஐந்தாண்டுத் திட்டம்” என்று ஆரம்பித்தார். “முதல் ஆண்டு கட்டடம். இரண்டாம் ஆண்டு கருவிகள். மூன்றாம் ஆண்டு ஆய்வு. நான்காம் ஆண்டு, ஆய்வு ஏன் தாமதமானது என்று ஆராய ஒரு குழு. ஐந்தாம் ஆண்டுதான் முடிவு. நீங்கள் மூன்றாம் ஆண்டு நடுவிலேயே குணமாகிவிட்டீர்கள். பாக்கி இரண்டு ஆண்டுக்கு நாங்கள் என்ன செய்வது என்று ஒரு நிமிடமாவது யோசித்தீர்களா?”

“தப்புதான் சார்” என்றார் தங்கவேலு.

“சரி, நீங்கள் எங்கள் பதிவேட்டில் இருப்பவர். நீங்கள் குணமானது முறைகேடு என்றாலும் சட்டத்துக்கு உட்பட்ட முறைகேடு. ஆனால் இந்த நாலு பேர்? எந்த அனுமதியும் இல்லாமல் குணமாகியிருக்கிறார்கள். நெறிமுறைக் குழுவின் அனுமதி இல்லை, காப்பீடு இல்லை, வரிசை எண் கூட இல்லை. எண் இல்லாத மனிதன் குணமானால் அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது?”

பக்கத்தில் இருந்த நிபுணர் ஒருவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “கத்தரிக்கோல் எந்தத் தரச் சான்று பெற்றது?”

“வெந்நீர்ல போட்டது சார்.”

“வெந்நீர்” என்று நிபுணர் வருத்தத்தோடு எழுதிக்கொண்டார்.

நளினி எழுந்தாள். “சார், நாலுல ஒரு பங்கு போதும்னு இதுல தெரியுது. முறையா ஒரு பரிசோதனை வச்சா...”

“உட்காரும்மா” என்றார் கோகுலகிருஷ்ணன். கோபமாகச் சொல்லவில்லை, அவர் அன்பானவர். “ஏடு நாலில் ஒரு பங்காகக் குறைந்தால் அடுத்த ஆண்டு நிதியும் நாலில் ஒரு பங்காகக் குறையும். ஆராய்ச்சி செய்வதற்கு முன்னால் ஆராய்ச்சி நிலையத்தைக் காப்பாற்ற வேண்டாமா? நான் முப்பது ஆண்டுகளாக விஞ்ஞானத்துக்குச் சேவை செய்கிறேன். ஒரு கண்டுபிடிப்பும் நடந்து யாருக்கும் இடைஞ்சல் வந்ததில்லை.”

மேஜையைத் தட்டினார்கள். பயனாளி ஏழைப் பரிசோதனையிலிருந்து நீக்குவது என்றும், அவருக்குத் தரவேண்டிய கடைசி நாலு ஏடுகளை அரக்கு முத்திரை வைத்து ஃபிரிட்ஜில் பாதுகாப்பது என்றும் தீர்மானம் ஆயிற்று. சுதீர் அங்கேயே எழுதிக்கொண்டார்.

தங்கவேலுவுக்கு அந்த நாலு ஏடு தேவையில்லை. கோவிந்தம்மாளுக்குத் தேவை. அவள் குதிகாலில் முக்கால்வாசி மூடியிருந்த புண், ஏடு நின்ற பத்தாம் நாள் மறுபடி வாய் திறந்தது. பதினைந்தாம் நாள் வாசனை வந்தது. சித்தூர் டாக்டர் இந்தத் தடவை போனில் பேசவில்லை. முழு இரண்டு நிமிடமும் பார்த்தார். அது நல்லதற்கில்லை என்று செங்கம்மாவுக்கு அப்போதே புரிந்துவிட்டது. அடுத்த திங்கட்கிழமை என்று தேதி கொடுத்தார். அதற்குள் புண் கொஞ்சமாவது சுருங்கிக் காய்ந்தால் பார்க்கலாம், இல்லாவிட்டால் எடுத்துவிட வேண்டும் என்றார்.

தங்கவேலு தினமும் மையத்துக்குப் போனார். நளினி வாசல் வரை வந்து பேசினாள்.

“ரூம்ல இருந்தா நான் திருடியாவது குடுத்திருப்பேண்ணா. ஃபிரிட்ஜ் சாவி சுதீர் சார்கிட்ட. புதுசா செய்யலாம்னா கூடு இல்ல. கூடு வாங்கற ஃபைல் எந்த மேஜையில இருக்குன்னே தெரியல.”

“எங்கக்காவ நோயாளின்னு சேத்துக்க முடியாதா மேடம்?”

“பன்னண்டு பேரோட மூடியாச்சு. அடுத்த கட்டத்துக்குப் புது ஆள் எடுக்கணும்னா முதல் கட்டம் வெற்றின்னு அறிவிக்கணும். அத அஞ்சாவது வருஷம்தான் அறிவிப்பாங்க.”

“திங்கக்கிழம கால எடுக்கறாங்களே” என்றார் தங்கவேலு.

வியாழக்கிழமை சுதீரே கூப்பிட்டனுப்பினார். டீ வாங்கிக் கொடுத்தார். அரசு அலுவலகத்தில் யாராவது டீ வாங்கிக் கொடுத்தால் எழுந்து ஓடிவிட வேண்டும். தங்கவேலு குடித்தார்.

“சனிக்கிழமை டில்லி செயலாளர் வர்றார். ஸ்மார்ட் கால் திட்டம் துவக்க விழா. நம்ம மையத்தோட இன்னொரு கண்டுபிடிப்பு. செயற்கைக் கால், புளூடூத், ஜிபிஎஸ் எல்லாம் உண்டு. மேடையில வாங்கிக்க பயனாளி வேணும். ஆஸ்பத்திரி பட்டியல்ல அளவு எடுத்து மூணு பேருக்குச் செஞ்சோம். ஒருத்தர் பெங்களூரு போயிட்டார். ஒருத்தர் போயே போயிட்டார். மூணாவது நீங்க. இடது கால், உங்க அளவு.”

“எனக்கு ரெண்டு காலும் கீதே சார்!”

“அது உங்க பக்கத்துலேர்ந்து பார்த்தா. ஃபைல் பக்கத்துலேர்ந்து பார்த்தா உங்களுக்கு ஐப்பசியில இடது கால் போச்சு. கால் எடுக்கலன்னு எங்களுக்கு லெட்டர் எதுவும் வரலியே?”

தங்கவேலு குனிந்து தன் காலைப் பார்த்தார். பழக்கப்பட்ட கால்தான்.

“வீல் சேர்ல உக்காந்து வாங்கிக்கோங்க, போதும். பயனாளிக்குப் பரிசுப் பை உண்டு. அந்தப் பையில சீல் வச்ச டப்பாவை நான் வச்சிடறேன். நாலு ஏடும் உங்களது.”

சனிக்கிழமை காலை தங்கவேலுவை வீல் சேரில் உட்காரவைத்து, இடது காலை மடக்கி அதன்மேலேயே உட்காரச் சொல்லி, வேட்டியை ஊக்கு போட்டு மடித்துவிட்டார்கள். பார்ப்பதற்குக் கால் இல்லாதவர் மாதிரியே இருந்தார். அரை மணியில் கால் மரத்துப்போய், அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. மூன்று நாளாக மையம் முழுக்க சீரியல் லைட் எரிந்தது. மேடையில் சினிமா தியேட்டர் அளவுக்கு ஒரு எல்இடி திரை வைத்திருந்தார்கள்.

கோகுலகிருஷ்ணன் வரவேற்றுப் பேசினார். “கால் இழந்தவர்கள் இல்லை என்றால் இந்தத் திட்டம் இல்லை. அவர்கள் தொடர்ந்து ஒத்துழைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.”

செயலாளர் திருச்சிக்காரர், தில்லியில் வேலை. தமிழிலேயே பேசினார். “ஆராய்ச்சிக்கு அரசு கொட்டிக் கொடுக்கிறதே, மக்களுக்கு என்ன கிடைத்தது என்று சிலர் கேட்கிறார்கள். இந்த ஆண்டு மட்டும் நாற்பத்தோரு ஒப்பந்தம் போட்டிருக்கிறோம். அதில் முப்பத்தெட்டு நமக்கு நாமே போட்டுக்கொண்டவை. இதுதான் தற்சார்பு. அடுத்த ஆண்டு இலக்கு நூறு. என்ன கண்டுபிடிப்பது என்று அப்போது முடிவு செய்துகொள்ளலாம்.”

பலத்த கைதட்டல். ஸ்மார்ட் காலைப் பெட்டியோடு கொண்டுவந்து தங்கவேலுவின் மடியில் வைத்தார்கள். சுதீர் செல்போனில் ஒரு பொத்தானை அழுத்தியதும் பெட்டிக்குள்ளிருந்து கால் இந்தியில் வணக்கம் சொன்னது. பெட்டியை விட்டே வெளியே வராத அந்தக் கால் காலையிலிருந்து நாலாயிரத்து இருநூறு அடி நடந்திருப்பதாகத் திரையில் எண் வந்தது. செயலாளர் அதற்கும் கைதட்டினார். எல்லாம் நல்லபடியாக முடிந்து, கடைசியில் தேசிய கீதம் போட்டார்கள்.

தங்கவேலு படித்த ஏகாம்பரகுப்பம் பள்ளிக்கூடத்தில் கங்கையா வாத்தியார் என்று ஒருவர் இருந்தார். தேசிய கீதம் கேட்டு அசையாமல் நிற்காத பையனின் முட்டியில் ஸ்கேலால் போடுவார். அவர் போய்ச் சேர்ந்து இருபது வருடம் ஆகிறது. முதல் வரி கேட்டதும் தங்கவேலு, ஸ்மார்ட் கால் பெட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு, வேட்டி ஊக்கு தெறிக்க வீல் சேரை விட்டு எழுந்து, இரண்டு காலிலும் விறைப்பாக நின்றார்.

கீதம் முடியும்வரை யாரும் அசைய முடியவில்லை. அந்த ஐம்பத்திரண்டு விநாடியும் சுதீரின் நெற்றியில் வேர்வை இறங்கிக்கொண்டிருந்தது. முடிந்ததும் செயலாளர் நேராகத் தங்கவேலுவிடம் வந்தார். வேட்டிக்குக் கீழே தெரிந்த இடது காலைக் குனிந்து தொட்டார்.

“என்ன தத்ரூபம்!” என்றார். “தோல், நகம், ரோமம் கூட!”

“ஆமாம் சார்” என்றார் கோகுலகிருஷ்ணன். அவருக்குச் சமயோசிதம் உண்டு.

“சூடாக வேறு இருக்கிறதே?”

“இரண்டாம் பதிப்பு சார்.”

செயலாளர் காலைக் கிள்ளினார். “வலிக்கிறதா?”

“வலிக்குது சார்” என்றார் தங்கவேலு.

செயலாளர் நிமிர்ந்தார். அவர் கண் பனித்திருந்தது. “வலிக்கிற அளவுக்கு வந்துவிட்டோம்” என்று சபையைப் பார்த்துச் சொன்னார். எழுந்த ஆரவாரம் ரேணிகுண்டா ரோடு வரைக்கும் கேட்டிருக்கும். ஐந்தாண்டுத் திட்டத்தைப் பத்தாண்டாக நீட்டிப்பதாக அதே மேடையில் அறிவித்தார்கள். தங்கவேலுவின் கையில் பெட்டியோடு ஒரு கால் அதிகமாக இருந்ததை முந்நூறு பேரில் ஒருவரும் எண்ணவில்லை.

சுதீர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். பரிசுப் பையில் டப்பா இருந்தது. தங்கவேலு ஆட்டோ, பஸ், மறுபடி ஆட்டோ என்று பறந்து வீட்டுக்கு வந்தார். செங்கம்மா கத்தரிக்கோலை ஏற்கனவே வெந்நீரில் போட்டு வைத்திருந்தாள். கோவிந்தம்மாள் கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்து, “வந்துட்டியாடா தம்பி” என்றாள்.

அரக்கு முத்திரை ஏழும் பத்திரமாக இருந்தன. உடைத்துத் திறந்தால் உள்ளே ஏடு இல்லை. கஞ்சித் தண்ணீர் மாதிரி மஞ்சளாக ஏதோ இருந்தது. அழுகின வாடை அடித்தது.

தங்கவேலு நளினிக்குப் போன் செய்தார். “சீரியல் லைட்டுக்கு லைன் பத்தலன்னு புதன்கிழமையே ஃபிரிட்ஜ் பிளக்கப் பிடுங்கிட்டாங்களாம்ணா” என்றாள். “எனக்கு இப்பதான் தெரியும்.” பிறகு அவள் அழுதாள். தங்கவேலுவுக்கு அழுகை வரவில்லை.

திங்கட்கிழமை கோவிந்தம்மாளின் வலது காலை எடுத்தார்கள்.

ஒரு மாதம் கழித்துத் தங்கவேலு சுதீருக்குப் போன் செய்தார். வீட்டில் ஸ்மார்ட் கால் சும்மா இருக்கிறது, அதை வாங்கிக்கொண்டு அக்காவுக்கு வலது கால் ஒன்று கொடுக்க முடியுமா என்று கேட்டார். சுதீர் ஃபைலைப் புரட்டிப் பார்த்தார்.

“மன தெக்கர வலது கால் லேதண்டி, நம்மகிட்ட இல்லீங்க. திட்டத்துல இடது கால் மட்டும்தான் சாங்ஷன்” என்றார். நிஜமான வருத்தம் அவர் குரலில் இருந்தது. “அவங்க இடது கால் எப்படி இருக்கு? அதுல ஏதாவது புண்ணு கிண்ணு?”

தங்கவேலு போனை வைத்துவிட்டார். பேசியிருந்தால் வாயில் என்ன வந்திருக்கும் என்று அவருக்கே தெரியாது.

சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நளினி ஊருக்கு வந்தாள். மையத்தில் அவள் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. ஸ்ரீசிட்டியில் ஒரு கம்பெனியில் செல்போன் உறையை வளைத்து வளைத்துப் பார்க்கிற வேலைக்குப் போயிருந்தாள். பையிலிருந்து ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையை எடுத்தாள். நாலில் ஒரு பங்கு ஏட்டிலேயே புண் ஆறும் என்று மையம் கண்டுபிடித்திருப்பது அதில் வந்திருந்தது. டாக்டர் கோகுலகிருஷ்ணனுக்கு அதற்காக விருதும் கிடைத்திருந்தது. கட்டுரையை எழுதியவர்கள் என்று போட்டிருந்த பதினோரு பெயரில் நளினியுடையது பதினொன்றாவது. இனிமேல் ஒருவர் செலவில் நாலு பேருக்கு வைத்தியம் நடக்கும் என்பது நிஜம். அரசாங்கப் பணம் கடைசியில் மக்களுக்குப் போய்ச் சேரத்தான் செய்கிறது.

“உங்க தெரு அஞ்சு பேரும் இதுல வந்திருக்காங்க” என்றாள் நளினி. அதைச் சொல்லத்தான் வந்தாளா, சொல்லாமல் இருக்க முடியாமல் வந்தாளா என்று தெரியவில்லை.

“படி பாப்பா, கேப்போம்” என்றாள் கோவிந்தம்மாள். அவள் கட்டிலில் சுவரோரம் சாய்ந்திருந்தாள்.

“அஞ்சு பேர்ல நாலு பேருக்கு முழுக்க ஆறிடுச்சுன்னு போட்டிருக்கு.”

“ஆமா, கிருஷ்ணப்பா அவன் பாட்டுக்கு பைக்ல சுத்திக்கினு கீறான். இன்னொன்னு?”

நளினி அந்த வரியை ஒருமுறை தனக்குள் படித்தாள். “ஒரு பெண்ணுக்கு ஆறல. அவங்களே சிகிச்சையைப் பாதியில வேண்டாம்னு விட்டுட்டாங்கன்னு இருக்கு.”

“யாரும்மா அவ?” என்றாள் கோவிந்தம்மாள். “அவ்ளோ நல்ல மருந்த வேணாம்னவ?”

நளினி பத்திரிகையை மூடினாள். செங்கம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். தங்கவேலுதான் சொன்னார்.

“அது நீதாங்க்கா.”

கோவிந்தம்மாள் தம்பியைப் பார்த்தாள், அப்புறம் நளினியைப் பார்த்தாள். போர்வை தட்டையாகக் கிடந்த இடத்தில் கையை வைத்துக்கொண்டாள்.

“நான் வேணாம்னு சொல்லலியே” என்றாள். “அவங்க கையில சொல்லு பாப்பா. நான் ஒரு நாளும் வேணாம்னு சொல்லல.”